பிலோமினா கேட்ட அவஸ்தை

எங்கள் ஊர் வயல்காரரின் கமக்காரர் சங்கத்தில் என்னை எழுதச் சொன்னார்கள். எலிக்காய்ச்சல் வந்து தப்பியவர்களில் வாய் திறந்து கதைக்கிறவள் நான் ஒருத்திதானாம். மற்றவர்களுக்குப் புத்தி வரும்படி நாலு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். சரி, புத்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வயலில் இறங்குவதற்கு முன் சுகாதாரப் பகுதிக்காரர் கொண்டுவந்து தருகிற மாத்திரையைப் போடுங்கள். கிழமைக்கு ஒரு தரம், சாப்பிட்ட பிறகு. நான் போடவில்லை. வயிறு எரிகிறது என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்தேன். அந்த மாத்திரை அட்டை இப்போதும் அங்கேதான் கிடக்கிறது.

சங்கத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். இனி எழுதுவது அவர்கள் கேட்காதது. வேண்டாமென்றால் வெட்டிவிடட்டும்.

என் பெயர் ரெஜினா. வயது ஐம்பத்தெட்டு. உயிலங்குளத்தில் ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது, பிள்ளை குட்டி இல்லை, மனுசனும் இல்லை. பக்கத்து வளவில் மனுசனின் அக்கா திரேசா இருக்கிறாள். அவள் எனக்கு மச்சாள் முறை. எனக்கும் அவளுக்கும் ஒத்துவராது, ஆனால் எனக்கு அவளை விட்டால் ஆளும் இல்லை.

மாரி மழையோடு விதைக்கிற காலபோகத்துக்கு வரம்பு கட்டின கிழமை காய்ச்சல் வந்தது. எலி வயலுக்குள் சலம், அதாவது மூத்திரம், விடும். அதில் இருக்கிற கிருமி தண்ணீரில் நின்று, நம் காலில் உள்ள வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். அதுதான் எலிக்காய்ச்சல். வேறு பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் குடித்துக்கொண்டு கிடந்தேன். கெண்டைக்கால் இரண்டும் யாரோ உலக்கையால் இடித்ததுபோல வலித்தது. கண் சிவந்தது. சலம் பால் விடாத பிளேன்ரீயின் நிறத்தில் போனது, பிறகு கொஞ்சமாகப் போனது, நாலாம் நாள் போகவே இல்லை. மச்சாள் என்னை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்கே நடந்த பிழை ஆஸ்பத்திரியின் பிழை இல்லை.

வாட்டில் சேர்க்கத் துண்டு எழுதுகிறவர் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டுவிட்டுச் சமயம் என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். மச்சாள் என் தலைக்கு மேலால் ஆர்.சி., கத்தோலிக்கம் என்றாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆர்.சி. என்று எழுதினார். நிற்கக்கூட முடியாதவளின் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த ஒன்றும் இல்லை என்ற பதில் முழு உண்மையும் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

என் மனுசன் அருளப்பு இருபத்திரண்டு வருசத்துக்கு முன் களைநாசினி குடித்துச் செத்தான். ஏன் என்பது எனக்கும் அவனுக்கும் இடையில் இருக்கட்டும். அந்தக் காலத்தில் இருந்த சுவாமியார், தன் உயிரைத் தானே எடுத்தவனுக்குக் கடைசி எண்ணெயும் இல்லை, பூசையும் இல்லை என்று சொல்லிவிட்டார். மணி அடிக்கவில்லை. சேமக்காலையில் எல்லாருடைய குழிக்கும் தள்ளி, வேலி ஓரத்தில் ஒரு இடம் காட்டினார்கள். செபம் சொல்ல ஆள் இல்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் இறக்கினார்கள், மண்ணைத் தள்ளினார்கள், வந்தார்கள். மச்சாள் தன் சொந்தத் தம்பிக்கு வாசலோடு நின்றுகொண்டாள். அன்றைக்கு நான் விட்டது கோயில். இப்போது சட்டம் மாறிவிட்டது, அப்படிச் செத்தவர்களுக்கும் பூசை வைக்கிறார்கள் என்று மச்சாள் அடிக்கடி சொல்லுவாள். நல்லது, அருளப்புவிடம் போய்ச் சொல் என்பேன்.

கோயில் போனதே தவிர, கடவுள் போகவில்லை. அதுதான் எனக்கே புதினம். வயலில் விடியப்புறம் வாய்க்கால் வெட்டிவிடும்போது நான் யாருடனோ கதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். அவருக்குப் படம் இல்லை, பெயர் இல்லை, திருநாள் இல்லை. நானாக அங்காலையார் என்று பெயர் வைத்தேன். அங்காலை என்றால் வேலிக்கு அந்தப் பக்கம். வேலிக்கு அங்கால் ஒருவர் நின்றால், அவர் இருமாவிட்டாலும் நமக்குத் தெரியும்தானே, அப்படி. நான் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் அவரும் சுவாமியார் மாதிரிக் கந்தோர் திறக்கிற நேரம், பூட்டுகிற நேரம் சொல்லத் தொடங்கிவிடுவார் என்று பயம். நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டு நிற்பார். இருபத்திரண்டு வருசம் எனக்கு அது போதுமாக இருந்தது. என் கடவுள் மற்றவர்களின் கடவுளைவிட நல்லவர் என்று ஒரு திமிரும் இருந்தது. மற்றவர்களின் கடவுள் செத்தவனை வேலி ஓரத்தில் போடுகிறவர், என்னுடையவர் வேலி ஓரத்தில் போய் நிற்கிறவர் என்று மச்சாளுக்கே சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே இரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் ஏறிவிட்டது என்றார் டொக்டர். அது உடம்பில் சேருகிற ஒரு கழிவு. சிறுநீரகம் வேலைசெய்தால் சலத்தோடு வெளியே போய்விடும், வேலைசெய்யாவிட்டால் இரத்தத்திலேயே நிற்கும். என்னுடைய இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. கழுத்தில் ஊசி குத்தி ஒரு குழாய் வைத்தார்கள். இரத்தத்தை அதன் வழியாக ஒரு மெசினுக்கு எடுத்து, வடித்துச் சுத்தமாக்கி, திரும்ப உள்ளே விடுவார்கள். நாலு மணித்தியாலம் பிடிக்கும். வலிக்காது என்று சொன்னார்கள். வலிக்கவில்லைதான். ஆனால் எலும்புக்குள் குளிர் ஏறும், பல் அடித்துக்கொள்ளும், நம் இரத்தம் கண்முன்னால் ஒரு குழாயில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காலையும் மாலையும் ஒரே கேள்வி, சலம் போச்சுதோ? கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைக் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. ஐம்பத்தெட்டு வயதில் என் பெறுமதி ஒரு பிளாஸ்ரிக் பையில் வந்து நின்றது.

மச்சாள் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு வருவாள். பஸ் மாறி, கஞ்சியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவாள். என் காலைத் துடைப்பாள், தலையை இழுத்துப் பின்னிவிடுவாள், பின்னும்போது வாய்க்குள் செபமாலை ஓடும். ஒரு நாள் உயிலங்குளத்திலிருந்து இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள். வாட்டில் நின்ற மிஸ், நேர்ஸ் பிள்ளை, அதைப் பறித்து வைத்தாள். இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் வேலைசெய்யாதவருக்கு அது ஏறினால் நெஞ்சு நின்றுவிடும். மச்சாளின் முகம் செத்துப்போயிற்று. கொல்லுறதெண்டால் நேராய்க் கொல்லுங்கோ மச்சாள், இனிப்பாக் கொல்லவேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் அந்த இளநீரை வெளியே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, மறுபடியும் என் காலைத் துடைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா. தோட்டவெளி என்ற ஊர் ஆள், என் வயதுதான் இருக்கும். ஈரல் கெட்டு வயிறு முழுக்கத் தண்ணீர் கட்டியிருந்தது. ஊசி குத்தித் தண்ணீரை வடிப்பார்கள், இரண்டு நாளில் திரும்பவும் நிறையும். மனுசன் இல்லை. ஒரே மகள் ஜெசி குவைத்தில் வீட்டு வேலை. அந்தப் பிள்ளை நாளுக்கு ஒரு தரம் போன் எடுக்கும், பிலோமினா போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவதை மறைக்கப் பார்ப்பாள். வேறு யாரும் வந்ததை நான் காணவில்லை.

இனி ஒரு சொல்லைப் பற்றி. அவஸ்தை என்றால் வேதனை, படுகிற பாடு. எல்லாத் தமிழருக்கும் அதுதான். ஆனால் எங்கள் கத்தோலிக்க வேதக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. சாகக் கிடக்கிறவருக்குச் சுவாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிச் செபிக்கிற கடைசிச் சடங்குக்கு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். பழைய ஆக்கள் பூசுதலை விட்டுவிட்டு அவஸ்தை என்று மட்டும் சொல்வார்கள். அவஸ்தை குடுத்தாச்சோ என்று கேட்டால், எண்ணெய் பூசியாச்சோ என்று அர்த்தம். இப்போது கோயிலில் நோயில்பூசுதல் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். இளம் ஆக்களுக்குப் பழைய சொல் தெரியாது.

எங்கள் வாட்டில் பகலில் நின்ற மிஸ் மட்டக்களப்புப் பிள்ளை, சைவக்காரி, நல்ல பிள்ளை. ஒரு காலை பிலோமினா அவளின் கையைப் பிடித்தாள். மூச்சு முட்டுகிறது, வசனம் முழுதாக வரவில்லை.

“அவஸ்தை... மிஸ்... அவஸ்தை...”

“அவஸ்தையா இரிக்காம்மா? கொஞ்சம் பொறுங்க, டொக்டர்ட்ட கேட்டு ஊசி போடுறன்.”

ஊசி போட்டாள். பிலோமினா தூங்கிப்போனாள். பின்னேரம் எழும்பித் திரும்பவும் அதையே சொன்னாள், திரும்பவும் ஊசி. மறுநாள் காலையும் அப்படியே. அந்தப் பிள்ளை தன் வேலையைச் சரியாகச் செய்தாள். நோவென்று கேட்டவளுக்கு நோ மருந்து கொடுத்தாள். பிலோமினா கேட்டது எது என்று அந்த வாட்டில் விளங்கியவள் நான் ஒருத்தி. மிஸ், அவ கேட்கிறது சுவாமியாரை என்று நாலு சொல் சொன்னால் போதும். எனக்கு அப்போது பேச முடிந்தது. நான் சொல்லவில்லை.

ஏன் என்று இப்போது என்னென்னவோ சொல்லலாம். உண்மை இதுதான். என் மனுசனுக்குக் கிடைக்காத எண்ணெய் இவளுக்கு மட்டும் என்னத்துக்கு என்று நினைத்தேன். அந்த எண்ணெய் இல்லாமல் போனால் என்ன குடிமுழுகிப் போகும், கடவுள் எண்ணெய்ப் போத்தலுக்குள்ளா இருக்கிறார் என்றும் நினைத்தேன். பெரிய ஞானிதான் நான். கழுத்தில் குழாயோடு கிடந்துகொண்டு மற்றவளின் கடவுளைத் திருத்தப் பார்த்தேன்.

அன்று பத்து மணிபோல, ஊசி மயக்கம் பிடிப்பதற்கு முன், அவள் தலையை என் பக்கம் திருப்பினாள். கண் மஞ்சளாக இருந்தது.

“அக்கா, நீங்கள் வேதக்காரரோ? ரெஜினா எண்டு கூப்பிட்டவை.”

“பேர் மட்டும்தான்,” என்றேன்.

அவள் இன்னும் என்னவோ கேட்க வாயெடுத்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

எனக்கு உரியது அதே நாள் வந்து சேர்ந்தது. வெளியே போகாத தண்ணீர் நெஞ்சில் ஏறி, பதினொரு மணிக்கு மூச்சு அடைத்தது. தண்ணீருக்குள் முக்கிப் பிடித்ததுபோல. முகத்தில் ஒக்சிசன் மூடியைக் கட்டினார்கள், மெசினை ஆயத்தம் செய்ய ஆள் ஓடியது. அந்த நேரத்தில் நான் அங்காலையாரைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருசத்தில் முதல் தரம் கேட்டேன், என்னை விடாதேயும் என்று. வேலிக்கு அங்கால் ஒருவரும் இல்லை. பயம் என்றால் அதுதான் பயம். சாவதற்குப் பயப்படவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் அதைவிட அந்த வெறுமைக்குப் பயந்தேன்.

மச்சாள் வந்து கட்டிலருகில் நின்றாள். மூடிக்குள்ளிருந்து நான் சொன்னேன்.

“மச்சாள்... அவஸ்தையாக் கிடக்கு.”

தாங்க முடியவில்லை என்று சொன்னேன். மூடி மிச்சத்தை விழுங்கிவிட்டது, மச்சாளின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். அவள் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இருபத்திரண்டு வருசம் அவள் இருந்த தவம் அது. கஞ்சியைக் கட்டிலில் வைத்துவிட்டு, இந்தா வாறன் என்று ஓடினாள்.

மெசின் ஓடத் தொடங்கி, குளிரில் நான் நடுங்கிக்கொண்டிருக்கும்போது சுவாமியாரோடு வந்து நின்றாள். இளம் சுவாமியார், ஓட்டோவில் வந்திருக்கிறார், நெற்றியில் வேர்வை. கழுத்தில் ஊதாப் பட்டியைப் போட்டார், பையைத் திறந்தார். நான் தலையை ஆட்டினேன். காய்ச்சல் நடுக்கம் என்று நினைத்து மச்சாள் என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். கை தூக்கிப் பார்த்தேன். சுவாமியார் உள்ளங்கையை நீட்டுகிறேன் என்று நினைத்து அதிலும் பூசினார். என் மனுசனுக்கு ஒரு துளி கொடுக்காத எண்ணெய் என் நெற்றியிலிருந்து காதுப்பக்கம் வழிந்தது. அழுதேன். அதையும் அவர்கள் மனஸ்தாபம், பாவத்துக்கு வருந்துகிற அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து, பையை மூடும்போது சுவாமியார் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். பிலோமினா ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மிஸ் மெசினோடு நின்றாள். மச்சாளுக்கு அவளைத் தெரியாது. சுவாமியார் குனிந்து என்னிடமே கேட்டார்.

“அம்மா, பக்கத்தில இருக்கிறவ எங்கட ஆளோ?”

ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மூடி முகத்தில் இருந்தால் என்ன, தலையை அசைக்கலாம். சற்று முன் வேண்டாம் என்று எவ்வளவு அசைத்தேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

களைத்துப்போனா, படுக்கட்டும் என்று அவர் மச்சாளிடம் சொல்வது கேட்டது. செருப்புச் சத்தம் வாட்டைக் கடந்து போனது. எனக்கு அப்போது இருந்தது ஆத்திரம் மட்டும்தான் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆத்திரத்தோடு ஒரு ருசியும் இருந்தது. உங்களை ஒரு ஆத்துமம் குறைவாக அனுப்புகிறேன் போங்கள் என்ற ருசி.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிலோமினா செத்தாள். கடைசி ஒரு மணித்தியாலம் முழிப்பாக இருந்தாள். பேச்சு நின்றுவிட்டது. வலது கைப் பெருவிரலால் தன் நெற்றியில் தானே என்னவோ பூசிக்கொண்டிருந்தாள். மிஸ் அங்கே கடிக்கிறது, சொறிகிறாளாக்கும் என்று நினைத்து ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டாள். இம்முறை நான் கண்ணை மூடவில்லை. மிஸ் என்று கூப்பிடப் பார்த்தேன், முதல் நாள் அடைத்த தொண்டையில் சத்தம் வரவில்லை. கட்டில் கம்பியைத் தட்டினேன். மிஸ் ஓடிவந்து எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் கையால் காட்டிக் காட்டி அவளுக்கு விளங்குவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிட்டது. திரையை இழுத்து மூடினார்கள்.

அன்று பின்னேரம் பையில் சலம் வந்தது. கொஞ்சம்தான், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. மிஸ் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தாள், டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். மறுநாள் கூடப் போனது, அதற்கடுத்த நாள் இன்னும் கூட. எலிக்காய்ச்சலில் நின்ற சிறுநீரகம் தப்பினால் இப்படித்தான் திரும்பி வருமாம், மருந்தும் மெசினும் செய்த வேலை அது என்று டொக்டர் விளக்கினார். மச்சாளுக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் பூசி இருபத்தெட்டு மணித்தியாலத்தில் சலம் போனது என்று உயிலங்குளம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி விட, நான் வீட்டுக்கு வந்தபோது அவஸ்தை குடுத்து எழும்பினவள் என்று என்னைப் பார்க்க ஆட்கள் வந்து நின்றார்கள். நான் ஒருவருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. மறுக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

கதிரையைப் போட்டு வாசலில் இருந்து யோசிக்க நிறைய நாள் கிடைத்தது. என் மனுசனுக்கு ஒரு சுவாமியார் சட்டம் பார்த்துச் செய்ததை, நான் பிலோமினாவுக்குச் சட்டம் ஒன்றும் இல்லாமலே செய்திருக்கிறேன். அவளையும் வேலி ஓரத்தில் போட்டேன். அந்தச் சுவாமியாராவது வாய் திறந்து மாட்டேன் என்று சொன்னார்.

அறுவடை முடிந்த கிழமை ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து படலையில் நின்றாள். குவைத்து ஜெசி. அம்மாவின் அடக்கத்துக்கு அவளை விடவில்லையாம், இப்போதுதான் லீவு கிடைத்ததாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தது நான் என்று மட்டக்களப்பு மிஸ் சொல்லி, ஊர் விசாரித்து வந்திருக்கிறாள். ஒரு துவாயும் நாலு சவுக்காரக் கட்டியும் கொண்டுவந்து மடியில் வைத்தாள். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

“கடைசியாப் போனில அம்மா ஒண்டுதான் சொன்னவ. அவஸ்தை வாங்காமல் சாகமாட்டன் எண்டு. தாழ்வுபாட்டுக் கடலில அவவின்ர தமையன் மூழ்கிப் போனவர், அவருக்குக் கிடைக்கேல்லை, தனக்கும் அப்பிடி ஆகக்கூடாது எண்டு சொல்லுவா. மிஸ்ஸிட்டக் கேட்டனான், அவவுக்கு விளங்கேல்லை. நீங்கள் பாத்திருப்பீங்கள். அம்மாவுக்கு அவஸ்தை குடுத்தவையோ?”

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொன்னால் என் நெஞ்சின் பாரம் இறங்கும், அது அவளின் நெஞ்சில் போய் ஏறும். பொய் சொன்னால் அவள் சுகமாகக் குவைத்துக்குப் போவாள். நான் இரண்டும் செய்யாமல் மூன்றாவது ஒன்று செய்தேன். இரண்டு அர்த்தமுள்ள அந்தச் சொல் அதற்கு வசதியாகக் கிடந்தது.

“ஓம் பிள்ளை,” என்றேன். “அவஸ்தை குடுத்தது.”

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். சுவாமியார் எண்ணெய் பூசிய அதே உள்ளங்கை. போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை தோட்டவெளியில் அம்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதாகவும், அதில் எனக்காகவும் மன்றாடச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். பூசையில் வாசிக்க ஒரு பெயர் மட்டும் வேண்டுமாம். ரெஜினா என்றேன்.

அவள் போன பிறகு வாய்க்கால் பக்கம் போனேன். கதைக்க இரண்டு தரம் வாயெடுத்தேன், வரவில்லை. அன்றைக்கு மூச்சு முட்டிக் கூப்பிட்டபோது அவர் ஏன் இல்லை என்று கேட்கத்தான் போனேன். பக்கத்துக் கட்டிலடியில், பிலோமினாவோடு நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. ஜெசிக்கு நான் சொன்னது எந்த அவஸ்தை என்று அவருக்குத் தெரியும்.